நிகழ்தகவும் புள்ளியியலும்: ஒரே கணக்குக்கு எந்த வழியை எடுப்பது?

ஜேஇஇ மெயின் தாளில் 3 மணி நேரத்துக்கு 75 கேள்விகள். அதாவது கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடி. புள்ளியியல், நிகழ்தகவுக் கணக்குகள் அந்த நேரத்துக்குள் முடியக்கூடியவைதான். பெரும்பாலானவற்றுக்குப் பத்தாம் வகுப்புப் பின்னக் கணக்கே போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வழிகள் உண்டு. ஒரு வழியில் நான்கு வரியில் முடிவது இன்னொரு வழியில் ஒரு பக்கம் ஓடும். அப்படி ஓடும்போது எங்காவது ஒரு கூட்டல் தவறிவிடும். எந்த மாதிரிக் கேள்விக்கு எந்த வழி என்று வீட்டிலேயே முடிவு செய்து வைத்துக்கொண்டு போவது இந்தப் பாடத்தில் பாதிப் படிப்புக்குச் சமம். அதனால் இங்கே வழிகளை எதிரெதிரே வைத்து, ஒரே கணக்கை இரண்டிலும் போட்டுப் பார்க்கலாம்.

பரவற்படி: நேரடி முறையா, ஊகச் சராசரியா?

தமிழ்நாடு பத்தாம் வகுப்புப் புத்தகம் திட்ட விலக்கத்துக்கு நான்கு முறைகளைத் தருகிறது: நேரடி முறை, சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை. நான்கிலும் விடை ஒன்றுதான். எதை எடுப்பது என்பதை, தரப்பட்ட எண்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

48, 52, 55, 57, 63 என்ற ஐந்து எண்களை எடுத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 275, சராசரி 55. சராசரி முழு எண்ணாக வந்துவிட்டதால் சராசரி முறையே நல்லது. விலக்கங்கள் −7, −3, 0, 2, 8. வர்க்கங்களைக் கூட்டினால் 126. ஐந்தால் வகுத்தால் விலக்க வர்க்கச் சராசரி, அதாவது பரவற்படி, 25.2. இதன் வர்க்கமூலமே திட்ட விலக்கம். இதையே நேரடி முறையில் போட்டால் 2304, 2704, 3025, 3249, 3969 என்று நான்கிலக்க எண்களைக் கூட்டி 15251 வாங்கி, 5-ஆல் வகுத்து, சராசரியின் வர்க்கமான 3025-ஐக் கழிக்க வேண்டும். விடை அதே 25.2. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே ரஃப் தாளில் எழுதும்போது, தவறுக்கு இங்கே ஐந்து மடங்கு இடம் இருக்கிறது.

கடைசி எண்ணை 64 ஆக்கினால் சராசரி 55.2. இப்போது சராசரி முறை மோசமாகிவிடும், −7.2, −3.2 என்று தசமங்களை வர்க்கப்படுத்த வேண்டியிருக்கும். 55-ஐ ஊகச் சராசரியாக வைத்தால் விலக்கங்கள் −7, −3, 0, 2, 9. அவற்றின் கூட்டுத்தொகை 1, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 143. பரவற்படி 143/5 − (1/5)² = 28.6 − 0.04 = 28.56. பலர் விடுவது அந்தக் கடைசிக் கழித்தலைத்தான். விலக்கங்களின் கூட்டுத்தொகை பூச்சியமாக வராதவரை அதை விடவே கூடாது. 28.6 என்பது ஆப்ஷனில் காத்திருக்கும்.

அப்படியானால் நேரடி முறை எதற்கு? எண்களே தரப்படாத கணக்குகளுக்கு. இந்த அத்தியாயத்தில் நுழைவுத்தேர்வுகள் திரும்பத் திரும்பக் கேட்பது அதைத்தான். 25 மதிப்புகளின் சராசரி 40, திட்ட விலக்கம் 5. பின்னால் பார்த்தால் 55 என்ற மதிப்பு 30 என்று தவறாகப் பதிவாகியிருந்தது. சரியான பரவற்படி என்ன? இங்கே விலக்கம் எடுக்க எண்களே இல்லை. இரண்டு கூட்டுத்தொகைகளை மீட்க வேண்டும். மதிப்புகளின் கூட்டுத்தொகை 25 × 40 = 1000. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 25 × (25 + 1600) = 40625. திருத்தினால் முதலாவது 1000 − 30 + 55 = 1025, சராசரி 41. இரண்டாவது 40625 − 900 + 3025 = 42750. பரவற்படி 42750/25 − 41² = 1710 − 1681 = 29. கடைசியில் கழிக்க வேண்டியது புதிய சராசரியின் வர்க்கம். பழைய 1600-ஐக் கழித்தால் 110 வரும். தவறான மதிப்பை மாற்றாமல் நீக்கிவிடச் சொன்னால் வகுக்கும் எண் 24 ஆகிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டு குழுக்களைச் சேர்க்கும் கணக்குக்கும் இதே வழிதான். 10 பேரின் சராசரி 6, பரவற்படி 4. 15 பேரின் சராசரி 11, பரவற்படி 9. சேர்ந்த சராசரி 225/25 = 9. பரவற்படிகளையும் அதே போல எடையிட்டுச் சராசரி எடுத்தால் 175/25 = 7 என்று வரும். அது தவறு. வர்க்கக் கூட்டுத்தொகைகள் 10 × 40 = 400, 15 × 130 = 1950; மொத்தம் 2350; பரவற்படி 94 − 81 = 13. விடுபட்ட 6 எங்கே போனது? இரண்டு குழுச் சராசரிகளும் பொதுச் சராசரி 9-இலிருந்து 3-உம் 2-உம் விலகி நிற்கின்றன; (10 × 9 + 15 × 4)/25 = 6. குழுக்களுக்குள் உள்ள சிதறலும் குழுக்களுக்கு இடையே உள்ள சிதறலும் சேர்ந்ததுதான் மொத்தம். இது புரிந்துவிட்டால் சேர்ந்த பரவற்படிக்குத் தனி ஃபார்முலா மனப்பாடம் தேவையில்லை.

எண்கள் கூட்டுத்தொடராக இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். 1 முதல் 10 வரை உள்ள எண்களின் பரவற்படி (10² − 1)/12 = 8.25. 2, 4, 6, … 20 என்றால் பொது வித்தியாசம் 2-இன் வர்க்கத்தால் பெருக்கி 33. 1002, 1004, … 1020 என்றாலும் 33-தான். எல்லாவற்றோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் சிதறல் மாறாது.

வீட்டில் எக்செல் போன்ற விரிதாளில் விடை சரிபார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே சாதாரணமாக எடுக்கும் திட்ட விலக்கச் சார்பு, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கிறது. பள்ளிப் பாடமும் ஜேஇஇ-யும் முழு எண்ணிக்கையால் வகுக்கின்றன. முதல் எடுத்துக்காட்டில் 25.2 வர வேண்டிய இடத்தில் அது 31.5-ஐ அடிப்படையாகக் கொள்ளும். போட்டது தவறு என்று நினைத்து மறுபடி போட வேண்டாம்.

சராசரி, இடைநிலை, முகடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘எது அதிகச் சீரானது’ என்று கேட்டால் மட்டும் திட்ட விலக்கத்தை நேரடியாக ஒப்பிடாமல் மாறுபாட்டுக் கெழுவை, அதாவது திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பதை, எடுங்கள். சராசரி 60, திட்ட விலக்கம் 9 என்றால் 15 சதவீதம். சராசரி 40, திட்ட விலக்கம் 8 என்றால் 20 சதவீதம். திட்ட விலக்கம் கூடுதலாக இருந்தாலும் சீரானது முதலாவதுதான்.

நேராகக் கூட்டுவதா, ஒன்றிலிருந்து கழிப்பதா?

‘குறைந்தது ஒன்று’ என்ற சொல்லைக் கண்டதும் நிரப்பு நிகழ்ச்சிக்கு, அதாவது கேட்டது நடக்காத நிகழ்ச்சிக்கு, போய் அதை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது ஏன் என்பதற்கு 17-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ஒரு நல்ல சான்று உண்டு. பகடையை 4 முறை உருட்டினால் குறைந்தது ஒரு 6 விழும் என்று பந்தயம் கட்டுவது லாபம். இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் குறைந்தது ஒரு இரட்டை 6 விழும் என்று கட்டுவதும் அதே அளவு லாபம்தானே என்று தோன்றும். 4/6-உம் 24/36-உம் ஒன்றுதான். சூதாட்டப் பிரியரான செவாலியே தெ மெரே எழுப்பிய இந்த மாதிரிக் கேள்விகள்தான் 1654-இல் கணித மேதைகளான பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொள்ளக் காரணமாயின. சரியான கணக்கு இது: முதலாவது 1 − (5/6)⁴ = 671/1296, சுமார் 0.518. இரண்டாவது 1 − (35/36)²⁴, சுமார் 0.491. ஒன்று பாதிக்கு மேல், மற்றது பாதிக்குக் கீழ். 1/6-ஐ நான்கு முறை கூட்டுவது ஏன் தவறு? இரண்டு முறை 6 விழுந்த சந்தர்ப்பங்கள் அதில் இரட்டிப்பாக எண்ணப்படுகின்றன. அப்படியே ஏழு முறை உருட்டினால் நிகழ்தகவு 7/6 என்று வந்து, வழியே தவறு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் ‘குறைந்தது’ என்ற சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது. இரண்டு பக்கமும் எத்தனை உறுப்புகள் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து முயற்சியில் குறைந்தது 2 வெற்றி என்றால் நேர்வழியில் நான்கு உறுப்புகள், நிரப்பில் இரண்டு, கழிப்பது லாபம். ஐந்தில் குறைந்தது 4 வெற்றி என்றால் நேர்வழியில் இரண்டுதான், நிரப்பில் நான்கு. ‘அதிகபட்சம் 3’ என்று கேட்டால் அங்கேயும் நிரப்புதான் லாபம், ‘குறைந்தது’ என்ற சொல்லே இல்லாவிட்டாலும்.

நிரப்பு எடுப்பதில் கணக்கை விட மறுப்பை எழுதுவதில்தான் தவறு நேர்கிறது. ‘குறைந்தது ஒன்று சிவப்பு’ என்பதன் மறுப்பு ‘ஒன்றுகூடச் சிவப்பில்லை’. ‘எல்லாம் சிவப்பு’ என்பதன் மறுப்பு ‘குறைந்தது ஒன்று சிவப்பில்லை’. கழிப்பதற்கு முன் மறுப்பை ரஃப் தாளில் ஒரு முழு வாக்கியமாக எழுதிவிட்டால் இந்தத் தவறு வராது.

சேர்வுகளா, படிப்படியான பெருக்கலா?

மதிப்பெண் அதிகம் போகும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு பையில் 5 சிவப்பு, 4 நீலம், 3 பச்சைப் பந்துகள். திரும்ப வைக்காமல் 3 எடுக்கிறோம். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று வர நிகழ்தகவு என்ன? சேர்வு வழியில் 12-இல் 3 எடுக்கும் வழிகள் 220; சாதகமானவை 5 × 4 × 3 = 60. விடை 60/220 = 3/11. படிப்படியாகப் பெருக்கினால் 5/12 × 4/11 × 3/10 = 1/22. இது ‘முதலில் சிவப்பு, பிறகு நீலம், பிறகு பச்சை’ என்ற ஒரே ஒரு வரிசைக்கான நிகழ்தகவு. மூன்று நிறங்கள் 6 வரிசைகளில் வரலாம். 6-ஆல் பெருக்கினால் 3/11. அந்த 6-ஐ விட்டவருக்காக 1/22 ஆப்ஷனில் இருக்கும்.

2 சிவப்பு, 1 நீலம் என்று கேட்டால் சேர்வு வழியில் 10 × 4/220 = 2/11. பெருக்கல் வழியில் 5/12 × 4/11 × 4/10 = 2/33; இங்கே பெருக்க வேண்டியது 6 அல்ல, 3. நீலம் முதலில், நடுவில், கடைசியில் என்று மூன்றே வரிசைகள்தான் உண்டு. பெருக்கல் வழியை எடுப்பவர் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். சேர்வு வழியில் அந்த வேலையே இல்லை. ஆகவே, திரும்ப வைக்காமல் எடுத்து, ‘எத்தனை’ என்று மட்டும் கேட்டால் சேர்வு வழி.

‘முதல் பந்து சிவப்பு, இரண்டாவது நீலம்’ என்று வரிசையைச் சொல்லிவிட்டால் நேர்மாறு. பெருக்கலே ஒரு வரியில் முடிந்துவிடும், சேர்வுகளை இழுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். எடுத்ததைத் திரும்ப வைக்கிறார்கள் என்றால் சேர்வு வழியே செல்லாது. அப்போது ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று வர நிகழ்தகவு 6 × 5 × 4 × 3/12³ = 360/1728 = 5/24. கேள்வியைப் படிக்கும்போதே ‘திரும்ப வைத்து’, ‘திரும்ப வைக்காமல்’, ‘ஒரே நேரத்தில்’ என்ற சொற்களைத் தேடிப் பிடியுங்கள். ‘ஒரே நேரத்தில்’ என்பதும் திரும்ப வைக்காமல் ஒவ்வொன்றாக எடுப்பதும் நிகழ்தகவில் ஒன்றுதான்.

பெருக்கலும் வேண்டாம், சேர்வும் வேண்டாம் என்ற மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதே பையில் மூன்றாவதாக எடுக்கும் பந்து சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? மர வரைபடம் போட்டால் முதல் இரண்டுக்கும் நான்கு கிளைகள், ஒவ்வொன்றிலும் மூன்று பின்னங்கள். ஆனால் முதல் இரண்டு பந்துகளைப் பற்றி எந்தத் தகவலும் தரப்படவில்லை. மூன்றாம் இடத்தில் 12 பந்துகளில் எதுவும் சம வாய்ப்போடு வரலாம், விடை 5/12. ஐந்தாவது பந்து, பன்னிரண்டாவது பந்து என்று கேட்டாலும் 5/12-தான். சமச்சீர் தெரிகிற இடத்தில் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

பகடைக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு பகடைகள் ஒரே மாதிரி இருக்கின்றன என்பதற்காக (1,2), (2,1) இரண்டையும் ஒன்றாக எண்ணினால் 21 விளைவுகள் கிடைக்கும். அவை சம வாய்ப்புள்ளவை அல்ல. கூடுதல் 3 வர நிகழ்தகவு 2/36 = 1/18; 1/21 அல்ல. கூறுவெளி, அதாவது எல்லா விளைவுகளின் தொகுப்பு, எப்போதும் 36-தான்.

விலக்குவதா, சார்பற்றதா?

இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது சூத்திரத்தையே மாற்றிவிடும். ஒரு நிகழ்ச்சிக்கு 0.4, இன்னொன்றுக்கு 0.5 என்று வைப்போம். ஒன்றையொன்று விலக்குபவை என்றால் இரண்டில் ஏதாவது ஒன்று நிகழ 0.9. சார்பற்றவை என்றால் 0.4 + 0.5 − 0.2 = 0.7. பூச்சியமல்லாத நிகழ்தகவு கொண்ட இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே சமயத்தில் விலக்குபவையாகவும் சார்பற்றவையாகவும் இருக்கவே முடியாது. ஒன்று நடந்தால் மற்றது நடக்காது என்பதே எவ்வளவு வலுவான சார்பு!

சார்பற்றது என்பதை உணர்வால் முடிவு செய்யாதீர்கள். பெருக்கிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஒரு பகடையில் ‘இரட்டை எண்’ 1/2, ‘3-இன் மடங்கு’ 1/3. இரண்டும் சேர்ந்தது 6 மட்டும், 1/6. பெருக்கல் சரியாக வருகிறது, சார்பற்றவை. ‘இரட்டை எண்’, ‘3 அல்லது அதற்குக் குறைவு’ என்று எடுத்தால் பொதுவானது 2 மட்டும், 1/6. ஆனால் பெருக்கினால் 1/4. இவை சார்புள்ளவை. ஒரே பகடை, ஒரே உருட்டல், இரண்டு வேறு முடிவுகள்.

பேயிஸ்: சூத்திரம், மரம், ஆயிரம் பேர் முறை, விகிதம்

விளைவு தெரிந்த பிறகு அது எந்த வழியாக வந்திருக்கும் என்பதன் நிகழ்தகவைத் தருவது பேயிஸ் தேற்றம். அதன் சூத்திரத்தைப் பார்த்தாலே பலருக்குக் கை நடுங்குகிறது. சூத்திரம் சரிதான்; ஆனால் தேர்வறையில் அதுதான் ஆக மெதுவான வழி.

ஒரு பனியன் கம்பெனியில் மூன்று தையல் லைன்கள் மொத்த உற்பத்தியில் முறையே 50, 30, 20 சதவீதம் தைக்கின்றன. அவற்றில் குறையுள்ளவை முறையே 2, 3, 5 சதவீதம். எடுத்த ஒரு பனியன் குறையுள்ளது எனில், அது மூன்றாம் லைனில் தைத்ததாக இருக்க நிகழ்தகவு என்ன? மொத்தம் 1000 பனியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன்வாரியாக 500, 300, 200. குறையுள்ளவை 10, 9, 10, மொத்தம் 29. விடை 10/29. தசமம் இல்லை, சூத்திரம் இல்லை. உற்பத்தியில் 20 சதவீதமே தரும் லைன், குறைகளில் சுமார் 34 சதவீதம் தருகிறது என்பதும் கண்முன் தெரிகிறது. சதவீதங்களாகத் தரப்பட்ட எந்தப் பேயிஸ் கணக்குக்கும், நோய்ப் பரிசோதனைக் கணக்கு உட்பட, இதையே பரிந்துரைக்கிறோம். எண்ணிக்கை முழு எண்ணாக வராவிட்டால் 10000 என்று வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

பை மாற்றும் கணக்குகளுக்கு மரம் நல்லது. முதல் பையில் 3 வெள்ளை, 2 கறுப்பு. இரண்டாவதில் 2 வெள்ளை, 4 கறுப்பு. முதல் பையிலிருந்து ஒரு பந்தை இரண்டாவதற்கு மாற்றி, பிறகு இரண்டாவதிலிருந்து ஒன்றை எடுக்கிறோம், அது வெள்ளை. மாற்றிய பந்தும் வெள்ளையாக இருந்திருக்க நிகழ்தகவு? வெள்ளை மாறிய கிளை 3/5 × 3/7 = 9/35. கறுப்பு மாறிய கிளை 2/5 × 2/7 = 4/35. விடை 9/13. இங்கே விழும் தவறு ஒன்றே: இரண்டாம் பையில் இப்போது 7 பந்துகள் என்பதை மறந்து 6-ஆல் வகுப்பது, அல்லது 7 என்று எழுதிவிட்டு வெள்ளையை 3 ஆக உயர்த்த மறப்பது. மரம் வரைந்தால் கிளையின் நுனியில் பையின் புதிய நிலையை எழுத வேண்டியிருக்கும். அதனால்தான் இது பாதுகாப்பு.

இதிலும் வேகமான ஒரு வழி உண்டு. இரண்டு கிளைகளுக்கும் பகுதி 35 பொது; அதை எழுதவே தேவையில்லை. 3 × 3 : 2 × 2, அதாவது 9 : 4. விடை 9/(9 + 4). பொதுவான பகுதிகளையெல்லாம் அடித்துவிட்டு விகிதமாக மட்டும் வைத்துக்கொள்ளும் இந்த முறை ஜேஇஇ வேகத்துக்கு மிகப் பொருத்தம். ஆனால் மரம் வரைந்து குறைந்தது இருபது கணக்குகள் போட்ட பிறகே இதற்கு மாறுங்கள். கிளைகளின் பகுதி வேறுபடும் கணக்கிலும் பழக்கத்தில் அடித்துவிடும் ஆபத்து இருக்கிறது. சூத்திரத்தை எழுத்துகளாகவே தந்து நிரூபிக்கச் சொல்லும் பிளஸ் ஒன் தேர்வு, பிளஸ் டூ பொதுத்தேர்வு விடைத்தாளுக்கு மட்டும் முழுச் சூத்திரத்தையும் படிகளையும் எழுதுங்கள். அங்கே படிகளுக்கு மதிப்பெண் உண்டு.

சாதாரண நிபந்தனை நிகழ்தகவுக்குச் சூத்திரத்தை விடச் சுருங்கிய கூறுவெளி வேகம். இரண்டு பகடைகளின் கூடுதல் 8 எனில், ஒன்றில் 3 விழுந்திருக்க நிகழ்தகவு? கூடுதல் 8 வரும் ஐந்தையும் எழுதுங்கள்: (2,6), (3,5), (4,4), (5,3), (6,2). 3 உள்ளவை இரண்டு. விடை 2/5. எது நிபந்தனை, எது கேட்கப்பட்டது என்பதைப் பிரிப்பதுதான் முக்கியம். தமிழ் வினாத்தாளில் ‘எனில்’, ‘எனத் தெரிந்தால்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பது நிபந்தனை, அதுவே பகுதியாகும். இதைத் தலைகீழாகப் போட்டால், 3 விழுந்த 11 விளைவுகளில் கூடுதல் 8 உள்ளவை 2, அதாவது 2/11 என்ற வேறு கேள்வியின் விடை வரும்.

எதிர்பார்ப்பு மதிப்பு: அட்டவணை எப்போது வேண்டும்?

மேலே சொன்ன 12 பந்துப் பையிலிருந்து திரும்ப வைக்காமல் 3 எடுக்கும்போது சிவப்புகளின் எண்ணிக்கையின் சராசரி என்ன? பரவல் அட்டவணை போட்டால் 0, 1, 2, 3 சிவப்புக்கு முறையே 35, 105, 70, 10 வழிகள், மொத்தம் 220. சராசரி (105 + 140 + 30)/220 = 5/4. அட்டவணையே இல்லாமல், ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு வர 5/12, மூன்று இடம், 3 × 5/12 = 5/4. சராசரி மட்டும் கேட்டால் இரண்டாவது வழி. பரவற்படியும் கேட்டால் அட்டவணையைப் போட்டுவிடுங்கள். திரும்ப வைக்காமல் எடுப்பதால் இடங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை, பரவற்படிகளை அப்படியே கூட்ட முடியாது.

ஈருறுப்புப் பரவல், அதாவது ஒரே வெற்றி நிகழ்தகவுள்ள சார்பற்ற முயற்சிகளில் வரும் வெற்றிகளின் எண்ணிக்கைக்கான பரவல், தமிழ்நாடு பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் இருக்கிறது. 2024 முதல் ஜேஇஇ மெயின் சிலபஸில் அந்தப் பெயர் இல்லை. இரண்டுக்கும் படிப்பவர்கள் பொதுத்தேர்வுக்காகப் படித்ததையே ‘சார்பற்ற முயற்சிகளைப் பெருக்கி, வரிசைகளை எண்ணுவது’ என்று இங்கே பயன்படுத்தலாம். பொதுத்தேர்வுக்கு ஒரு விரைவுச் சோதனை: ஈருறுப்பில் பரவற்படி எப்போதும் சராசரியை விடக் குறைவு. சராசரி 6, பரவற்படி 4 என்றால் தோல்வி நிகழ்தகவு 4/6 = 2/3, வெற்றி 1/3, முயற்சிகள் 18. சராசரி 4, பரவற்படி 6 என்று வந்தால் எங்கோ இரண்டையும் மாற்றி எழுதிவிட்டீர்கள்.

விடை தெரியாதபோது: குறிப்பதா, விடுவதா?

இதுவும் ஒரு நிகழ்தகவுக் கணக்குதான்; உணர்ச்சிக்கு விட வேண்டாம். ஜேஇஇ மெயினில் சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. நான்கு ஆப்ஷனில் கண்ணை மூடிக் குறித்தால் எதிர்பார்ப்பு 4 × 1/4 − 1 × 3/4 = 0.25. ஒன்றை உறுதியாக நீக்கினால் 0.67, இரண்டை நீக்கினால் 1.5. பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வில் 1 மதிப்பெண் பலவுள் தெரிவுக்குத் தவறானால் 1/3 போகும்; கண்மூடிக் குறித்தால் எதிர்பார்ப்பு சரியாகப் பூச்சியம், ஒன்றை நீக்கினால் 1/9. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் தவறான விடைக்கு மைனஸ் மார்க் இல்லை. அங்கே எதையும் விடக் காரணமில்லை.

ஜேஇஇ-யில் 0.25 லாபம் என்பதற்காகப் பத்துக் கேள்விகளைக் கண்மூடிக் குறிக்கலாமா? எதிர்பார்ப்பு 2.5. ஆனால் பத்தில் ஒன்றோ பூச்சியமோ மட்டும் சரியாக வந்து மொத்தம் மைனஸில் முடிய நிகழ்தகவு சுமார் 24 சதவீதம். சராசரியோடு சிதறலையும் பார்க்க வேண்டும் என்பது இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. எங்கள் பரிந்துரை: ஒன்றையாவது காரணத்தோடு நீக்க முடிந்தால் குறியுங்கள், எதையும் நீக்க முடியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இந்தப் பாடத்தில் ‘இதுதான் போலிருக்கிறது’ என்ற உள்ளுணர்வை நம்பாதீர்கள். 1/22, 28.6 போலத் தவறான வழியில் வருபவையே ஆப்ஷன்களாக நிற்பதால், அரைகுறையாக யோசித்தவரின் கை சரியாக அங்கேதான் போகும்.

நீக்குவதற்கு நம்பகமான சோதனைகள் சில உண்டு. திட்ட விலக்கம் வீச்சில், அதாவது மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில், பாதியைத் தாண்டாது. 48 முதல் 63 வரையுள்ள எண்களுக்கு 7.5-க்கு மேல் வந்தால் தவறு. சேர்ந்த சராசரி இரண்டு குழுச் சராசரிகளுக்கும் நடுவில்தான் இருக்கும். நிபந்தனையில்லாமல் 12-இல் 3 எடுக்கும் கணக்கில், சுருக்கிய விடையின் பகுதி 220-ஐ வகுக்க வேண்டும். 7, 9, 13 பகுதியாக உள்ள ஆப்ஷன்களை உடனே அடித்துவிடலாம். நிபந்தனை வந்துவிட்டால் இந்தச் சோதனை செல்லாது; 9/13 போன்ற பகுதிகள் அப்போது இயல்பு.

ஜேஇஇ மெயின் கணிதப் பகுதியில் எண் வடிவில் விடை எழுதும் ஐந்து கேள்விகள் வேறு வகை. ஆப்ஷன் இல்லாததால் ஊகம் பலிக்க வாய்ப்பு ஏறக்குறைய பூச்சியம், தவறுக்கு அங்கேயும் மைனஸ் 1. ஆகவே போட்டு முடிக்காததைக் குறிக்க வேண்டாம். நிகழ்தகவை எளிய பின்னமாக்கி, தொகுதியையும் பகுதியையும் கூட்டி எழுதச் சொல்லும் கேள்விகள் இங்கே வருவதுண்டு. 60/220 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டுச் சுருக்காமல் 280 என்று எழுதினால் முழு உழைப்பும் போய்விடும். எழுத வேண்டியது 3/11-இலிருந்து 14.